மாடி மழை செடிக்கு: மழைநீர் சேமிக்கச் சில குறிப்புகள்

சென்னையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,400 மி.மீ. மழை பெய்கிறது. குறைச்சல் என்று சொல்ல முடியாது. ஆனால் அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. செடிகளுக்கு நாம் தண்ணீர் ஊற்றவே தேவையில்லாத நாட்களில்தான் மாடிக் குழாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு தெருவுக்குப் போகிறது. பங்குனியில் தேடினால் ஒரு குடம் கிடைக்காது.

அதனால் வீட்டு மழைநீரை இரண்டு கணக்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். அடுத்த பத்து நாள் தேவைக்கு டிரம். அடுத்த கோடைக்கு, வீட்டைச் சுற்றியிருக்கிற மண். டிரம்மை மட்டும் வாங்கி வைத்துவிட்டு மழைநீர் சேமிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டால், வந்த மழையில் பெரும்பகுதி வழக்கம்போல வாசல் தாண்டிப் போய்விடும்.

1. முதலில் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர். நம் வழக்கத்தில் சொன்னால், 1,000 சதுர அடி மொட்டை மாடியில் ஒரு செ.மீ. மழைக்கு 930 லிட்டர். தளம் உறிஞ்சுவது, தெறிப்பது, ஆவியாவது எல்லாம் போக 750 லிட்டர் கைக்கு வரும். ‘நுங்கம்பாக்கத்தில் 5 செ.மீ.’ என்று செய்தியில் கேட்கும்போது, உங்கள் பேட்டையிலும் அதே அளவு பெய்திருந்தால் உங்கள் மாடியில் மட்டும் 3,700 லிட்டர் இறங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். 2019-ல் சென்னை ஏரிகள் வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது நினைவிருக்கும். ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். இந்த அளவு மாடி உள்ள 3,300 வீடுகள் ஒரே ஒரு செ.மீ. மழையைப் பிடித்தால் அந்த ஒரு ரயில் தண்ணீர் சேர்ந்துவிடும்.

2. டிரம் எத்தனை பெரியது வேண்டும் என்பதை மழையை வைத்து முடிவு செய்யாதீர்கள். செடிகளை எண்ணி முடிவு செய்யுங்கள். 20 தொட்டிகள், தொட்டிக்கு நாளுக்கு ஒரு லிட்டர் என்றால் 200 லிட்டர் டிரம் பத்து நாள் தாங்கும். தொட்டிச்செடிக்காக 5,000 லிட்டர் டேங்க் வாங்குவது, என்னைக் கேட்டால், காசுக்குப் பிடித்த கேடு. ஜூன் முதல் செப்டம்பர் வரை சென்னையில் சாயங்காலத்தில் இடியோடு வந்து ஒரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும் மழை இருக்கிறதே, டிரம்முக்கு ஏற்ற மழை அதுதான். ஒரு நாள் நிரம்பும், ஒரு வாரம் வெயில் காயும், டிரம் காலியாகும், மறுபடி நிரம்பும். சின்ன டிரம் பல முறை நிரம்பிக் காலியானால், ஒரே முறை நிரம்பி அப்படியே நிற்கும் பெரிய டேங்கைவிட அதிகத் தண்ணீர் கொடுக்கும்.

3. பழைய சாமான் கடையில் கிடைக்கும் நீல நிற 200 லிட்டர் டிரம் போதும். வாங்குவதற்கு முன் அதில் என்ன இருந்தது என்று கேளுங்கள். சமையல் எண்ணெய், பழச்சாறு, சர்க்கரைப் பாகு வந்த டிரம் என்றால் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்து எடுத்துக்கொள்ளலாம். ஆசிட், பூச்சிமருந்து, பெயின்ட், சாயம் வந்தது என்றால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். கடைக்காரருக்கே தெரியவில்லையா? மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். மூக்கைத் துளைக்கும் நெடி இருந்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

4. நிரம்பிய 200 லிட்டர் டிரம் 200 கிலோவுக்கு மேல் கனக்கும். மாடியில் வைப்பதானால் தளத்தின் நடுவில் வைக்காமல், அடியில் பீம் அல்லது தூண் வரும் இடமாகப் பார்த்து வையுங்கள். சன்ஷேடின் மேலோ பால்கனி ஓரத்திலோ வைக்கவே கூடாது. நான்கைந்து டிரம் வைக்கும் எண்ணம் இருந்தால் இன்ஜினீயரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

5. தரையில் வைப்பதானால் இரண்டடி உயரத்துக்குச் செங்கல் மேடை கட்டி அதன்மேல் வையுங்கள். குழாயடியில் பூவாளியோ வாளியோ தாராளமாக நுழைய வேண்டும். வெறும் கற்களை அடுக்கி ஒப்பேற்ற வேண்டாம்; சிமென்ட் வைத்துக் கட்டிய மேடையாக இருக்கட்டும். குழந்தைகள் பிடித்து ஏறி விளையாடினால் 200 கிலோவும் சேர்ந்து சாயும்.

6. மழைக்காலத்துக்கு முன்பே மாடித் தளத்தின் வாட்டத்தைப் பார்த்துவிடுங்கள். இது ஒரு காலை நேர வேலை. நான்கைந்து வாளித் தண்ணீரைத் தளத்தின் மேட்டுப் பக்கத்தில் ஊற்றிவிட்டுக் கைப்பிடிச்சுவர் ஓரமாக நின்று கவனியுங்கள். தண்ணீர் நேரே குழாய் வாய்க்குப் போனால் வாட்டம் சரி. வழியில் எங்காவது தயங்கி, தட்டோடுகளின் இணைப்பில் தேங்கி, அரை மணி நேரம் கழித்தும் ஈரமாக வட்டமிட்டு நின்றால் அந்த இடத்தைச் சாக்பீஸால் வளைத்துக் குறித்துக்கொண்டு கொத்தனாரைக் கூப்பிடுங்கள். அங்கே தேங்குவது உங்கள் டிரம்முக்கு வராத தண்ணீர். போதாக்குறைக்கு, நாளைக்குக் கீழ்வீட்டு உத்தரத்தில் ஒழுகப்போகும் தண்ணீரும் அதுதான்.

7. குழாய் வாயில் தட்டையான ஜாலி இருந்தால் நான்கு புங்க இலை போதும், அடைத்துவிடும். நடுவில் மேல்நோக்கிக் குவிந்த ஜாலியாக வாங்கிப் போடுங்கள். இலை சுற்றிலும் ஒதுங்கும், தண்ணீர் மேற்பக்கமாக இறங்கும்.

8. மாடியைப் பெருக்கிக் கழுவ ஆண்டுக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். ஒன்று, மே கடைசியில். இன்னொன்று, தீபாவளிக்கு மறுநாள். வெடித்த காகிதம், மருந்துத் தூள், மத்தாப்புக் கம்பி எல்லாம் மாடியில் கிடக்கும்; வடகிழக்குப் பருவமழையும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான் தொடங்கும். அந்தக் குப்பையில் உள்ள உலோக உப்புகள் கீரைப் பாத்திக்குப் போக வேண்டாம். தண்ணீர் விட்டுக் கழுவுவதற்கு முன் துடைப்பத்தால் நன்றாகப் பெருக்கி அள்ளிவிடுங்கள்.

9. முதல் தண்ணீரை டிரம்முக்குள் விடாதீர்கள். இந்த ஒரு குறிப்பை மட்டும் கடைப்பிடித்தாலே மற்றதில் பாதிச் சிக்கல் வராது. பல நாள் காய்ந்த மாடியில் மழை விழுந்ததும் குழாயில் வரும் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். டிகாஷன் நிறத்தில் இருக்கும். காக்கை, புறா எச்சம், வண்டிப் புகைக் கரி, தூசி எல்லாம் அதில் கரைந்து வருகிறது. ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு டம்ளர் பிடித்தால் வெளிர் பழுப்பு. பதினைந்து நிமிடம் பலமாகப் பெய்த பிறகு பிடித்தால் டம்ளருக்கு அந்தப் பக்கம் இருக்கும் செய்தித்தாள் எழுத்தைப் படிக்கலாம். அதற்கு அப்புறம்தான் டிரம்முக்குள் விட வேண்டும்.

இதற்கு வழி இரண்டு. ஆள் வீட்டில் இருப்பார்கள் என்றால், டிரம்முக்குப் போகும் பைப்பில் ஒரு டீ போட்டு, கீழே இறங்கும் முனையில் ஒரு வால்வு வைத்துவிடுங்கள். மழை ஆரம்பித்ததும் வால்வைத் திறந்து முதல் தண்ணீரை வெளியே விடுங்கள், தெளிந்ததும் மூடுங்கள். எல்லோரும் வேலைக்குப் போகிற வீடு என்றால், டீயிலிருந்து கீழ்நோக்கி நீளமாக ஒரு 4 இஞ்ச் பைப் இறக்கி அடியில் திருகி மூடும் எண்ட் கேப் போடுங்கள். முதல் தண்ணீர் இந்தப் பைப்பில் போய் நிரம்பும். நிரம்பிய பிறகு வருவது தானாக டிரம் பக்கம் திரும்பும். 4 இஞ்ச் பைப் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 8 லிட்டர் பிடிக்கும். 1,000 சதுர அடி மாடிக்கு 50 லிட்டராவது கழிக்க வேண்டும் என்பதால், ஒரே பைப் போதாமல் இரண்டு மூன்று பைப்பைப் பக்கத்தில் பக்கத்தில் இறக்கி அடியில் இணைக்க வேண்டியிருக்கும். மழை விட்டதும் மறக்காமல் எண்ட் கேப்பைத் திருகித் திறந்து காலி செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மழையின் அழுக்கு நேரே டிரம்முக்குத்தான் போகும். கழித்த தண்ணீரைத் தென்னைக்கோ வாழைக்கோ வேப்பமரத்துக்கோ திருப்பிவிடுங்கள்.

10. செடிக்கு ஊற்றும் தண்ணீருக்கு ஜல்லி, மணல், கரி என்று மூன்றடுக்கு ஃபில்டர் தேவையே இல்லை. டிரம் வாயில் நைலான் வலையும் அதன்மேல் ஒரு பழைய பருத்தி வேட்டித் துணியும் போதும். ராமநாதபுரம் பக்கம் குடிப்பதற்கே மழைநீர் பிடிக்க, வெளுத்த வேட்டியை நான்கு கம்புகளில் கட்டி நடுவில் ஒரு கல்லைப் போட்டு அடியில் அண்டா வைக்கும் பழக்கம் உண்டு. அது வானத்திலிருந்து நேராக விழும் தண்ணீர். மாடியில் ஓடி வந்து டிரம்மில் நிற்கும் தண்ணீரை வடிகட்டினாலும் குடிக்கப் பயன்படுத்த வேண்டாம்.

11. கொசு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை பிடிக்காது. நாம் பார்த்துப் பார்த்துச் சேர்த்த தெளிந்த நீர்தான் வேண்டும். முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். மூடியை இறுக்கி மூடுங்கள். தண்ணீர் உள்ளே வரும் வாய், நிரம்பி வழியும் குழாயின் முனை இரண்டுக்கும் நைலான் வலை கட்டுங்கள். பலர் வழியும் குழாயை மறந்துவிடுகிறார்கள். கொசு அந்த வழியாகத்தான் உள்ளே போகும். இன்னொன்று: ஏடிஸ் முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே டிரம் சுவரில் ஒட்டிக்கொள்ளும்; தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து அடுத்த மழையில் பொரிக்கும். அதனால் டிரம் காலியாகும் ஒவ்வொரு முறையும் தேங்காய் நார் கொண்டு உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். திறந்த தரைத்தொட்டியாக இருந்தால் கப்பி மீன் நாலு விடுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுகிற பழைய வைத்தியம் வேண்டாம். கொசுவோடு செடியும் போய்விடும்.

12. வெளிச்சம் புகுந்தால் பாசி பிடிக்கும். வெள்ளை, வெளிர் நிற டிரம் என்றால் வெளியே கறுப்பு பெயின்ட் அடியுங்கள் அல்லது சாக்குத் துணி சுற்றுங்கள்.

13. குழாயை டிரம்மின் அடியோடு ஒட்டி வைக்காமல் நான்கு விரற்கடை மேலே வையுங்கள். வண்டல் அடியில் தங்கும், பூவாளியின் கண்கள் அடையாது. வண்டலை வெளியேற்ற அடியில் தனியாக ஒரு அடைப்பு இருக்கட்டும்.

14. நிரம்பி வழியும் குழாய், உள்ளே வரும் குழாயின் அளவே இருக்க வேண்டும். “அதுக்கு ஒண்ணரை இஞ்ச் போதும்மா” என்று பிளம்பர் சொல்வார். சம்மதிக்காதீர்கள். 4 இஞ்ச் பைப்பில் பாய்ந்து வருகிற தண்ணீர் ஒண்ணரை இஞ்சில் எப்படிப் போகும்? மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்து அஸ்திவாரத்து ஓரத்தில்தான் இறங்கும்.

15. ஒரு டிரம் போதவில்லை என்றால் இரண்டு மூன்று டிரம்களை ஒரே உயர மேடையில் வைத்து, அடிப்பக்கம் டேங்க் நிப்பிள் போட்டு ஹோஸால் இணைத்துவிடுங்கள். முதல் டிரம்மில் விடும் தண்ணீர் எல்லாவற்றிலும் ஒரே மட்டத்துக்கு ஏறும். ஒவ்வொன்றுக்கும் தனிப் பைப் தேவையில்லை.

16. ஓட்டு வீடாக இருந்தால் கூடல்வாயில்தான் தண்ணீர் அதிகம் சேரும். முதலில் அங்கே பிடியுங்கள். மற்றத் தாழ்வாரங்களுக்கு, 4 இஞ்ச் பைப்பை நீளவாக்கில் பாதியாக அறுத்து, கம்பிக் கொக்கி போட்டுத் தொங்கவிட்டால் போதும். பத்தடிக்கு ஒரு இஞ்ச்சாவது சரிவு இருக்கட்டும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தண்ணீரையும், புதிதாகப் பெயின்டோ தாரோ பூசிய மாடியின் முதல் சில மழையையும் காய்கறி, கீரைக்கு ஊற்ற வேண்டாம். வெயிலுக்காகச் சுண்ணாம்பு அடித்த மாடி என்றால் ஆரம்ப மழையில் சுண்ணாம்பு கரைந்து வரும். ரோஜாவுக்கு அது ஆகாது.

17. அடுக்குமாடிக் குடியிருப்பில் மொட்டை மாடி உங்கள் கையில் இருக்காது. பால்கனி இருக்கிறது, ஏ.சி. இருக்கிறது. சென்னைப் புழுக்கத்தில் ஓடும் ஏ.சி. இரவுக்குள் ஒரு வாளி வரை தண்ணீர் சொட்டும். அதில் உப்பு கிடையாது. ஹோஸ் முனையை ஒரு மூடிய கேனில் விட்டு, மறுநாள் பூச்செடிக்கு ஊற்றுங்கள்.

18. மழைநீரின் பெருமை அதன் அளவில் மட்டும் இல்லை. போர் தண்ணீர் ஊற்றி வளர்த்த தொட்டிகளின் விளிம்பிலும் வெளிப்புறத்திலும் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்குமே, அது தண்ணீரில் வந்த உப்பு. தண்ணீர் ஆவியாகும், உப்பு மண்ணிலேயே தங்கும். இலை ஓரம் கருகுவதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவோம். உப்பு இன்னும் ஏறும். மழைநீர் கையில் இருக்கும்போது அத்தகைய தொட்டி ஒன்றை எடுத்து, அடித்துளை அடையாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நிதானமாக இரண்டு மூன்று தடவை நிறைய ஊற்றி அடியில் வடியவிடுங்கள். உப்பு கரைந்து வெளியேறும். அதன் பிறகு ஒரு பிடி மண்புழு உரம் போடுங்கள், ஏனென்றால் உப்போடு சத்தும் கொஞ்சம் போயிருக்கும்.

19. இருப்பது கொஞ்சம் என்றால் யாருக்கு முதலில்? நாற்றுகள், ஆந்தூரியம், ஆர்க்கிட், ஃபெர்ன், ரோஜா. இவை உப்பைத் தாங்காது. அரளி, செம்பருத்தி, காகிதப்பூ எல்லாம் போர் தண்ணீரிலும் சமாளிக்கும். ஆர்.ஓ. மிஷின் வெளியே தள்ளும் தண்ணீரை அப்படியே செடிக்கு ஊற்றுகிறவர்கள், அதில் பாதிக்குப் பாதி மழைநீர் கலந்து ஊற்றுங்கள்.

20. சேமித்ததை வெயிலுக்குக் கொடுத்துவிடாதீர்கள். காலை ஏழு மணிக்குள் ஊற்றிவிடுங்கள். தொட்டி மண்ணின் மேல் இரண்டு இஞ்ச் கனத்துக்குச் சருகு அல்லது தேங்காய் நார் போட்டு மூடாக்கு அமையுங்கள். தரைத் தோட்டத்தில் வாய் குறுகிய மண்பானையைக் கழுத்து வரை புதைத்து, தண்ணீர் நிரப்பி, தட்டால் மூடிவிட்டால் பானை தானாகக் கசிந்து சுற்றியுள்ள வேர்களுக்குக் கொடுக்கும். கத்தரி, தக்காளி, பாகல், சுரை எதற்கும் ஒத்துவரும். மெருகு பூசிய பானை கசியாது. சாதாரண மண்பானையே வேண்டும்.

21. இனி மண்ணுக்குள் அனுப்புகிற வேலை. டிரம் நிரம்பி வழிவதைத் திறந்த கிணற்றுக்குக் கொண்டுபோக முடிந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. வழியில் ஒரு சின்ன வண்டல் தொட்டி கட்டி விடுங்கள். வறண்டுபோன கிணறு என்று மண் கொட்டி மூட நினைப்பவர்கள் கையை நிறுத்துங்கள். புதிதாக ஒரு கிணறு தோண்டிப் பாருங்கள், அதன் அருமை தெரியும். போர்வெல்லுக்குள் மாடித் தண்ணீரை நேரடியாக விடாதீர்கள். அழுக்கு நேரே நிலத்தடி நீரில் போய்ச் சேரும்.

22. கிணறு இல்லாத வீட்டுக்கு உறிஞ்சு குழியா, உறை கிணறா? நான் உறை கிணறு பக்கம். மூன்றடிக்கு மூன்றடி, ஐந்தடி ஆழக் குழி 1,270 லிட்டர் பிடிக்கும். அதில் ஜல்லியும் செங்கல் துண்டும் நிரப்பினால் தண்ணீருக்கு மிஞ்சும் இடம் பாதிகூட இல்லை. நான்கைந்து வருடத்தில் ஜல்லியின் இடுக்குகளில் வண்டல் அடைந்தால் முழுவதையும் அள்ளிக் கழுவிப் போட வேண்டும், யார் செய்கிறார்கள்? மூன்றடி விட்டத்தில் பன்னிரண்டடிக்கு சிமென்ட் உறை இறக்கினால் 2,400 லிட்டர் பிடிக்கும், மூடியைத் திறந்து ஆள் வைத்து வண்டலை எடுத்துவிடலாம். செலவு கூடத்தான். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடற்கரை மணலில் சாதாரணக் குழியே குடித்துவிடும். களிமண் பூமியில் குழியின் அடியில் 10, 15 அடிக்கு ஒரு கை போர் போட்டால்தான் தண்ணீர் இறங்கும். எந்தக் குழியாக இருந்தாலும் மேலே கனமான மூடி கட்டாயம்.

23. குழி செப்டிக் டேங்கிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நல்லது. குளியலறை, துணி துவைக்கும் தண்ணீரை அதில் விடக் கூடாது. அதற்கு வாழையும் கல்வாழையும் நட்ட தனிப் பாத்தி போடுங்கள். மாடித் தண்ணீரைப் பாதாளச் சாக்கடையோடு சேர்த்துவிடுவது அதைவிடக் கெடுதல். பெருமழையில் தெருவில் மேன்ஹோல் பொங்கி வாசலுக்கு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

24. பலர் வீட்டில் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. ஜெயலலிதா முதல்வராக இருந்தபோது 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆனது. அந்தச் சமயத்தில் அவசர அவசரமாகத் தோண்டிய குழி, வாசல் பக்கமோ கார் நிறுத்தும் இடத்திலோ சிமென்ட் மூடிக்கு அடியில் இன்னும் இருக்கும். அதற்குப் போகும் பைப் இடையில் உடைந்திருக்கலாம். டைல்ஸ் போட்டபோது மூடியே மறைந்திருக்கலாம். உள்ளே எலி வளையும் வண்டலும் மட்டும் இருக்கலாம். சுத்தம் செய்ய ஒரு ஆளின் அரை நாள் கூலி ஆகும். டிரம் வாங்கப் புறப்படுவதற்கு முன், இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த மூடியைத் திறந்து பார்த்துவிடுங்கள்.